மருந்து படிக்கிற பிள்ளை

எங்கள் கரையில் மருந்து என்று யாராவது சொன்னால், சொன்னவர் யார், எங்கே நின்று சொன்னார் என்று பார்த்துத்தான் பொருள் எடுக்க வேண்டும். ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பவர் சொன்னால் அது விழுங்குகிற குளுசை. வயல்காரர் சொன்னால் பூச்சிக்கு அடிப்பது. "அவன் மருந்து குடிச்சிட்டானாம்" என்று ஒருவர் குரலைத் தாழ்த்திச் சொன்னால் செத்த வீட்டுக்கு வெளிக்கிட வேண்டியதுதான். வள்ளத்தடியில் நின்று ஒருவன் "மருந்து வந்திட்டுதோ?" என்று கேட்டால், அது கடலுக்குள் எறிந்து மீனைக் கொல்லுகிற வெடி. இதையெல்லாம் நாங்கள் யாரும் குழப்பிக்கொள்வதில்லை. அப்படித்தான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: பல்கலைக்கழகம் போய் இரசாயனவியல் படிப்பது. உயர்தரத்தில் கணிதப் பிரிவு எடுத்தவள் நான். பெறுபேறு வந்தபோது பொறியியலுக்கான வெட்டுப்புள்ளி என் தலைக்கு மேலால் போய்விட்டது. வீட்டில் இழவு விழுந்த மாதிரி இருந்தார்கள். எனக்கோ உள்ளுக்குள் ஒரே புளுகம், துள்ளிக் குதிக்க வேண்டும் போல. பௌதிக விஞ்ஞானம் நிச்சயம் கிடைக்கும். அதற்குள் நுழைந்துவிட்டால் முதல் இரண்டு வருடம் கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் மூன்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அதில் நல்ல புள்ளி எடுத்தால் பிறகு இரசாயனவியலில் மட்டும் சிறப்புப் பட்டம். கடைசி வருடத்தில் ஆய்வு. எதைப் பற்றி ஆய்வு செய்வேன் என்பதுகூட முடிவாகியிருந்தது: கடல் நீரும் உப்பும். படுக்கப் போகும்போது சிலர் தேவாரம் சொல்வார்கள், நான் இந்தத் திட்டத்தைச் சொல்லிப் பார்ப்பேன்.

ஏன் இந்த விசர் என்று கேட்டால், அதற்குக் காரணம் எங்கள் பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் உடையாமல் மிஞ்சியிருந்த ஒரேயொரு கண்ணாடி அளவி. அதிலிருந்து துளித்துளியாக விட்டுக்கொண்டே வர வேண்டும். கீழே குடுவைக்குள் ஒன்றும் நடக்காது. இன்னும் விடுவோம், அப்போதும் நடக்காது. பிறகு ஏதோ ஒரு துளியில் முழுவதும் இளஞ்சிவப்பாகிவிடும். அதைத் திருப்பி எடுக்க யாராலும் ஏலாது. எந்தத் துளியில் மாறும் என்பதை முன்கூட்டியே கண்டுபிடித்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம் பிடித்துக்கொண்டது. வகுப்பில் மற்றப் பிள்ளைகள் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள்.

அப்பா கரைவலை இழுப்பவர். அவருக்கு ஒரு கேள்விதான் இருந்தது.

"உதைப் படிச்சிட்டு என்ன வேலை பார்க்கிறது?"

"எவ்வளவோ இருக்கு அப்பா. வாத்தி வேலை, தண்ணி பரிசோதிக்கிற வேலை. மருந்துக் கொம்பனியிலயும் எடுப்பாங்கள்."

குசினிக்குள் நின்ற அம்மாவின் காதில் கடைசி வசனம் மட்டும் விழுந்தது. விழுந்தது அங்கேயே வேரும் விட்டது.

அம்மாவால் இரசாயனவியல் என்று சொல்ல முடியாது. 'ரசனாயில்' என்பார், 'ரசாயில்' என்பார், பிறகு தன்மேலேயே எரிச்சல்பட்டு, "உந்தச் சொல் என்ர வாய்க்குள்ள நிக்குதில்ல பிள்ள" என்று கையை உதறுவார். ஆனால் மகள் கம்பஸுக்குப் போகிறாள் என்பதை ஊருக்குச் சொல்லாமல் இருக்கவும் அவரால் ஏலாது. எங்கள் ஒழுங்கையில் கம்பஸுக்குப் போகிற முதல் பிள்ளை நான். ஆகவே அம்மா தன் வாய்க்குள் நிற்கிற சொல்லை எடுத்துக்கொண்டார். கோயிலில், கூட்டுறவுக் கடையில், நிலாவெளி பஸ்ஸில், எங்கே யார் கேட்டாலும் ஒரே பதில்.

"என்ர பிள்ள மருந்து படிக்கப் போறா. மருந்து செய்யிற படிப்பு."

"அம்மா, அப்பிடிச் சொல்லாதேங்கோ. கேக்கிறவை என்ன நினைப்பினம்?"

"என்ன நினைக்கிறது? படிக்கிற மருந்து வேற, கடலுக்குள்ள போடுற மருந்து வேற. சனத்துக்கு அது விளங்காதே? உனக்குத்தான் எல்லாத்திலயும் ஒரு குதர்க்கம்."

நானும் விட்டுவிட்டேன். சரியாகச் சொல்லித் தர நேரமும் இல்லை, பொறுமையும் இல்லை. அந்த மாதங்களில் கடலுக்கு அடியில் வெடிப்பது அடிக்கடி கேட்கத் தொடங்கியிருந்தது. கேட்பது என்றும் சொல்ல முடியாது, முதலில் காலுக்குத்தான் தெரியும். நிலம் ஒருக்கா உள்ளுக்குள் இடிக்கும். குசினித் தட்டில் கோப்பைகள் மெல்லச் சிணுங்கும். அப்பா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கடல் பக்கம் பார்ப்பார். "குஞ்சு குருமான் எல்லாத்தையும் கொல்லுறாங்கள், அறுவார். இனி எங்கட வலையில பாசிதான் ஏறும்" என்பார். யார் செய்கிறார்கள் என்று கரைக்கே தெரியும். ஆனால் ஒருவரும் பெயர் சொல்ல மாட்டார்கள்.

எனக்கு இடம் கிடைத்த செய்தி வந்த அன்று பெரியம்மாவின் மகன் ஒரு பெரிய பாரை மீனைத் தூக்கிக்கொண்டு வந்தார். நான் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். கூடப்பிறந்தவர் யாரும் இல்லாத எனக்கு அவர்தான் அண்ணன். அன்புவழிபுரத்தில் ரியூசன் முடிந்து மழைக்குள் நிற்கும்போது மோட்டார் சைக்கிளில் வந்து ஏற்றிக்கொண்டு போனவர் அவர்தான். மீனைக் குசினி வாசலில் போட்டுவிட்டு, "எங்கட குடும்பத்திலயும் ஒரு கெமிஸ்ட்!" என்று கத்தினார். என் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அம்மா மீனை வெட்டக் குந்தினார். கொஞ்ச நேரம் கத்திச் சத்தம் கேட்டது. பிறகு நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தேன். மீனின் வெளியில் ஒரு காயமும் இல்லை, செதில் எல்லாம் பளபளவென்று இருந்தது. உள்ளே நடுமுள் முறிந்து இரண்டாகக் கிடந்தது. வயிறு முழுக்க இரத்தம் கட்டியிருந்தது. சதையை விரலால் அமுக்கினால் அப்படியே உள்ளே போனது. வலையிலோ தூண்டிலிலோ பிடித்த மீனுக்கு நடுமுள் முறியாது. அது எங்கள் கரையில் பால்குடிக்குக்கூடத் தெரியும்.

"அம்மா, இது..."

"வாயைப் பொத்து."

அம்மா எழும்பிப் போய் முருங்கைக்குக் கீழே குழி தோண்டி மீனைப் புதைத்தார். அப்பா வந்தபோது பூனை இழுத்துக்கொண்டு போய்விட்டது என்று சொன்னார். அன்றைக்கு எங்களுக்குப் பருப்பும் சொதியும்தான். அண்ணா மருந்துக்காரர்களோடு கடலுக்குப் போகிறார் என்பது எனக்குத் தெரிந்தது, அம்மாவுக்குத் தெரிந்தது. இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கதைக்கவில்லை.

கம்பஸ் தொடங்க இன்னும் சில கிழமைகள் இருந்தன. ஒரு மத்தியானம், அப்பா வலையடியில் நிற்கிற நேரம், முன்பின் தெரியாத ஒருவர் படலையைத் திறந்துகொண்டு வந்தார். நல்ல வெள்ளைச் சேட்டு, நல்ல மரியாதை. இடது கையில் ஒரு துவாயைச் சுற்றிப் பிடித்திருந்தார். 'தண்ணி கொஞ்சம் தாறீங்களோ அக்கா' என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா கதிரையை இழுத்துப் போட்டுத் தேத்தண்ணியே போட உள்ளே போனார். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"மருந்து படிக்கப் போற பிள்ள நீங்கள்தானோ?"

நான் வாய் திறக்க முதல் உள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது. அதில் பெருமை வழிந்தது.

"ஓம் தம்பி, அவதான். ஆனா இன்னும் தொடங்கேல்ல. முடிக்க நாலு வருசம் செல்லுமாம்."

"அதுக்கென்ன அக்கா. நாங்கள் காத்திருப்பம்." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஒரு சின்னக் கேள்வி தங்கச்சி. ஈரம் பட்ட மருந்தைத் திருப்பிச் சரிப்படுத்த ஏலுமோ?"

நான் குசினிப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அம்மா தேத்தண்ணியோடு வந்தார்.

"ஐயோ தம்பி, ஈரம் பட்ட குளுசையை வைச்சிருக்கப்படாது. அதெல்லாம் வீசிப்போட வேணும்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பு உண்மையான சிரிப்பு, அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"ஓம் அக்கா. வீசத்தான் போறம்."

தேத்தண்ணியை ஆறுதலாகக் குடித்தார். எழும்பும்போது துவாய் சரிந்தது. இடது கையில் பெருவிரல் மட்டும் இருந்தது. மற்ற விரல்கள் இருந்த இடம் மழமழவென்று மூடியிருந்தது. அம்மா அதைப் பார்த்தார். பார்த்து, "அச்சோ, என்ன தம்பி நடந்தது?" என்று கேட்டார். அவர், "சின்ன வயசில நடந்தது அக்கா" என்று சொல்லிப் படலையை ஒழுங்காகச் சாத்திவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு நான் ஆடின ஆட்டம் கொஞ்சநஞ்சமல்ல. "உங்கட வாயாலதான் அம்மா எல்லாம்! தவளையும் தன் வாயால கெடும் எண்டு சும்மாவோ சொன்னவை? நாளைக்கு எங்கயாவது ஒரு மருந்துப் பொதி பிடிபட்டா முதலில ஆரைத் தேடுவாங்கள்? மருந்து செய்யப் படிக்கிற பிள்ளையைத்தான் தேடுவாங்கள். நான் இந்தப் படலையைத் தாண்ட ஏலாது. கம்பஸும் இல்லை, ஒண்டும் இல்லை!" அம்மா கதிரைச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கு அப்போதுதான் விளங்கியது. அவருடைய முகம் மாறியதைப் பார்க்க எனக்குப் பாவமாகவும் இருந்தது, கோபம் அடங்கவும் இல்லை.

பிறகு மெல்லக் கேட்டார்.

"அப்ப நான் என்னெண்டு சொல்ல வேணும்?"

"இரசாயனவியல்."

"இன்னொருக்காச் சொல்லு."

அன்றிலிருந்து அம்மா பாடம் படித்தார். தேங்காய் துருவும்போது, முற்றம் கூட்டும்போது, உடுப்புக் காயப்போடும்போது, 'இர... சாயன... வியல்' என்று வாய் முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். 'சாயன' வந்தால் 'வியல்' தவறும், 'வியல்' வந்தால் 'இர' தவறும். அப்பா, "என்னடியப்பா, பேய் பிடிச்சிட்டுதோ?" என்று கேட்டதற்கு, "உங்களுக்கு விளங்காது, சும்மா இருங்கோ" என்று பதில் வந்தது. ஒரு கிழமைக்குள் அவருக்குப் பிடிபட்டுவிட்டது. யாராவது படிப்பைப் பற்றிக் கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தது போல, கேட்டவுடன் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். ஆனால் பழைய சொல் எங்களை முந்திக்கொண்டு கரை முழுக்கப் போய்விட்டிருந்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

அண்ணாவைத் தேடிப் போனேன். வேம்புக்குக் கீழே வள்ளத்து இயந்திரத்தைக் கழற்றிப் போட்டு வைத்திருந்தார்.

"அந்த ஆளை எங்கட வீட்டுக்கு அனுப்பினது நீங்கள்தானே?"

"சத்தியமா இல்லை தங்கச்சி. உன்னைப் பற்றி நான் பெருமைக்கு ஒருக்காச் சொன்னனான், அவ்வளவுதான். மிச்சம் சின்னம்மா சொல்லித் திரிஞ்சது."

"அந்த ஆளின்ர கையைப் பார்த்தனீங்களோ?"

"பார்த்தனான்."

"பார்த்திட்டுமோ போறீங்கள்?"

அவர் எண்ணெய்க் கையைச் சாரத்தில் துடைத்தார். "விடுறன். இந்த முறையோட விடுறன், போதுமே?" என்றார். இந்த முறையோட என்று சொன்ன ஒருவரும் அந்த முறையோடு விட்டதை நான் காணவில்லை. எனக்கு அழுகை வந்தது. அதை அவருக்குக் காட்டாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கம்பஸுக்குப் பை அடுக்கத் தொடங்கிய கிழமை, காலையில் அது வெடித்தது. இந்த முறை காலுக்கு முதலில் தெரியவில்லை, காதுக்குத்தான் தெரிந்தது. கடலுக்குள் வெடிக்கவில்லை, கடலுக்கு மேலே வெடித்திருந்தது. தட்டிலிருந்து ஒரு கோப்பை விழுந்து உடைந்தது. அம்மாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். 'அண்ணா' என்று நான் சொன்னேனா அம்மா சொன்னாரா தெரியாது. கரைப்பக்கம் ஓடுகிற ஆட்களின் சத்தம் கேட்டது. அப்பா வர நெடுநேரமாகியது. சாரம் முழுக்க இரத்தம்.

"உயிர் இருக்கு. வலது கை இல்லை. ஆஸ்பத்திரிக்கு ஏத்தியாச்சு."

பெரியம்மாவின் குரல் இரண்டு ஒழுங்கை தாண்டி எங்களுக்குக் கேட்டது. வெள்ளைச் சேட்டுக்காரர் வள்ளத்திலிருந்து குதித்து நீந்திப் போனதாகச் சொன்னார்கள். பிறகு அவரை ஒருவரும் காணவில்லை. அண்ணா ஆஸ்பத்திரியில் எரிவாயு அடுப்பு வெடித்தது என்று சொல்லியிருந்தார். வள்ளத்துக்குள் என்ன எரிவாயு அடுப்பு! அந்தக் கதையை நம்பக் கூடியவர் அவர் மட்டும்தான், அதுவும் மயக்கத்தில்.

வெறும் வாய் மென்றுகொண்டிருந்த ஊருக்கு அவல் கிடைத்தது. இரண்டாம் நாள் ரவுணுக்குப் போகிற பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் கதைத்துக்கொண்டு வந்தார்கள். பின்னால் நான் இருப்பது தெரியாது.

"அவையின்ர வீட்டிலதானே மருந்து படிக்கிற பிள்ள இருக்கு."

"ஓமோம். அதுதான் பக்குவம் சொல்லிக் குடுத்ததாம்."

நான் இன்னும் ஒரு விரிவுரைக்குக்கூடப் போகவில்லை! எழும்பி அந்தத் தலைமயிரைப் பிடித்து இழுக்க வேண்டும் போல இருந்தது. இழுக்கவில்லை. அடுத்த தரிப்பில் இறங்கி மிச்சத் தூரம் நடந்தேன். கோபம் போய்ப் பயம் மட்டும் மிஞ்சியிருந்தது.

அன்று பின்னேரம் அப்பா என்னைக் கூப்பிட்டு இருத்தினார். அவர் வளர்ந்த சண்டைக் காலத்தில் வீட்டுக்கு வெளியே ஒரு வாகனம் வந்து நின்றால் என்ன அர்த்தம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளத் தேவை இருக்கவில்லை. அந்தப் பயம் அவரை விட்டுப் போனதே இல்லை.

"பிள்ள, கம்பஸுக்குப் போ. ஆனா கெமிஸ்ட்ரியை விடு. கணக்கோட வேற ஏதாவது எடு. ஆரும் கேட்டா கணக்குப் படிக்கிறன் எண்டு சொல்லலாம்."

"ஏலாது அப்பா."

"உனக்கு உயிர் பெரிசோ படிப்புப் பெரிசோ?"

அம்மா இடையில் வந்து நின்றார். அம்மா அப்பாவை எதிர்த்துக் கதைத்து நான் அதிகம் கண்டதில்லை.

"அவ விரும்பினதைத்தான் படிப்பா. நான்தான் பிழையாச் சொல்லிக் கெடுத்தனான். இனி ஆர் வந்து கேட்டாலும் நான் சரியாச் சொல்லுவன். சரியான சொல்லைச் சொன்னா ஒருத்தரும் ஒண்டும் நினைக்க மாட்டினம்."

அப்பா எழும்பி வெளியே போய்விட்டார். நான் அம்மாவைக் கட்டிப்பிடித்தேன். அவர் மீன் வாசத்தோடு என் முதுகைத் தட்டினார்.

சனிக்கிழமை காலை பை கதவடியில் நின்றது. திங்கட்கிழமை விடிய பஸ். பைக்குள் புது வெள்ளை மேலங்கியும் இருந்தது, ஆய்வுகூடத்தில் போடுவது. அதை மடித்து மேலாக வைத்தது அம்மா. அப்போது படலையடியில் வாகனம் ஒன்று நின்றது. சிவில் உடுப்பில் இரண்டு பொலிஸ்காரர் இறங்கினார்கள். ஒருவர் வாகனத்தடியில் நின்றுகொண்டார். மற்றவர் உள்ளே வந்தார். சிங்களவர், தமிழ் கொஞ்சம் தட்டித்தடுக்கிக் கதைத்தார். கடுமையாக ஒன்றும் கதைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் இருப்பவர் உங்களுக்கு யார் என்று கேட்டார். அக்காவின் மகன் என்று அம்மா சொன்னார். இந்த வீட்டில் யார் யார் என்று கேட்டார். மூன்று பேர் என்று சொன்னார். அவர் சலிப்போடு எழுதிக்கொண்டு போனார். இன்னும் கொஞ்சத்தில் புத்தகத்தை மூடிவிட்டுப் போய்விடுவார் என்று எனக்கு நம்பிக்கை வந்தது.

"மகள் என்ன செய்றது?"

"கம்பஸுக்குப் போறா ஐயா. திங்கட்கிழமை."

"ஆ, நல்லம். என்ன படிக்கிறது?"

அம்மா என்னை ஒருக்காப் பார்த்தார். கையைச் சேலைத் தலைப்பில் துடைத்தார். பள்ளிக்கூடப் பிள்ளை எழும்பி நின்று பாடம் ஒப்புவிப்பது போல நிமிர்ந்து நின்றார். ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னார்.

"இரசாயனவியல்."

பேனை நின்றது. அவர் தலையை நிமிர்த்தி முதல்தடவையாக என்னைச் சரியாகப் பார்த்தார்.

"ரசாயன?"

சிங்களத்திலும் அதே சொல்தான். எங்கள் பாசையில் அவருக்குத் தெரியாத ஆயிரம் சொற்கள் இருந்திருக்கும். இந்த ஒன்று தெரிந்திருந்தது. பழைய சொல்லையே அம்மா சொல்லியிருந்தால், மருந்துக்கடைப் படிப்பாக்கும் என்று எழுதிக்கொண்டு போயிருப்பார்.

அவர் வாசலுக்குப் போய் மற்றவரைக் கூப்பிட்டார். இரண்டு பேரும் தங்களுக்குள் கதைத்தார்கள். 'ரசாயன' என்ற சொல் மட்டும் எனக்குத் திரும்பத் திரும்பக் கேட்டது. பிறகு பையைத் திறக்கச் சொன்னார்கள். புத்தகங்களையும் என் போனையும் எடுத்தார்கள். மேலங்கியை ஒருவர் விரித்துப் பார்த்து, மடிக்காமல் கதிரையில் போட்டார்.

"திங்கக்கிழமை போக வேணாம். நாங்க சொன்ன பிறகு போங்க."

வாகனம் போகும் மட்டும் அம்மா அசையவில்லை. போன பிறகு மேலங்கியை எடுத்து உதறி, பழைய மடிப்புப் பார்த்து மடித்தார். மடித்துக்கொண்டே கேட்டார்.

"நான் சரியாத்தானே சொன்னனான் பிள்ள?"

"ஓம் அம்மா," என்றேன். "சரியாத்தான் சொன்னீங்கள்."